அரிக்கமேட்டு ஓடும் அடிமையின் பெயரும்

1

புதுச்சேரி செயின்ட் லூயி வீதியில் இருக்கிற அரசு அருங்காட்சியகத்துக்கு, எங்கள் சேரியில் நடக்கிற மாலைப் படிப்பு வட்டத்துப் பிள்ளைகள் பதினோரு பேரை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைக் காட்டி, ரோமாபுரியின் கலையும் கட்டடமும் எப்படிப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவை என்று சொல்லவேண்டும் என்பது திட்டம். ஒரு சின்னச் சிவப்பு ஓட்டைக் காட்டினேன். பளபளவென்று மெருகேறிய, விரல் வழுக்குகிற மாதிரியான ஓடு. இத்தாலியில் அரெஸ்ஸோ என்கிற ஊரில் செய்து, கப்பலேறி, நம்ம ஆத்தங்கரைக்கு வந்து உடைந்து போனது என்றேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் கேட்டாள்: "அழகாத்தான் இருக்குதுண்ணா. ஆனா இத செஞ்சவங்கள்ல நெறைய பேரு அடிமைங்கன்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. அடிச்சி வேல வாங்கி செஞ்சத நாம அழகுன்னு சொல்றது சரியா?"

எனக்குப் பதில் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

தோழர்களே, இந்தக் கேள்விக்கு நம்மிடம் இரண்டு தயார்நிலைப் பதில்கள் இருக்கின்றன. ஒன்று, தமிழ்ப் பெருமிதக்காரர்கள் சொல்வது. நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். சங்கப் பாட்டில் யவனர் வருகிற இடங்களை வரிசையாகச் சொல்லத் தெரியும். யவனர் கொண்டுவந்த மது, யவனர் வார்த்த பாவை விளக்கு, பாசறையில் காவல் நின்ற யவனர், மணிமேகலையில் வருகிற யவனத் தச்சர். ரோமாபுரியே நம்மைத் தேடி வந்தது, ஆகவே நாம் பெரியவர்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 'நாம்' என்கிற சொல்லுக்குள் எங்கள் தெரு இருந்ததா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

இரண்டாவது பதில் நம் தோழர்களே சொல்வது. அடிமை ரத்தத்தில் கட்டியது, தாஜ்மகாலாக இருந்தாலும் தஞ்சைப் பெரிய கோயிலாக இருந்தாலும் நமக்கென்ன என்று தூக்கியெறிவது. இரண்டு பதிலையும் நான் மேடையில் பேசியிருக்கிறேன். இரண்டுக்கும் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் முன்னால் நின்றபோது இரண்டுமே வாயில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

2

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 4 கிலோமீட்டரில், அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கிற மேடு. ஆறு அதன் ஓரத்தை அரித்து அரித்துப் பழைய செங்கல் சுவர்களை வெளியே காட்டியது. சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி, 18ஆம் நூற்றாண்டிலேயே வீராம்பட்டினம் பக்கத்தில் ஒரு புத்தர் சிலையைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1930களில் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இந்த மேட்டில் மணிகளும் ஓடுகளும் சேகரித்தார். மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டினார். கசால் 1947 முதல் 1950 வரை தோண்டினார். விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 1989 முதல் 1992 வரை தோண்டின.

வீலர் 1946இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இது 'இந்தோ-ரோமன் வணிகத் தளம்' ஆகிவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது வயது தெரிந்த ஒரு பொருள். அரெஸ்ஸோவின் சிவப்பு மட்பாண்டம் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியைத் தாண்டி அதிகம் போகாது. அதை வைத்து, அதே மண் அடுக்கில் கிடைத்த நம் நாட்டுப் பானைகளின் வயதைக் கணக்கிட்டார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது பெரிய உதவி. அந்த முறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த முறை மெல்ல ஒரு மதிப்பீடாக மாறியதுதான் குற்றம். நம்ம ஓட்டுக்கு வயது சொல்ல ரோம ஓடு சாட்சி சொல்லவேண்டும் என்றிருந்தது போய், நம்ம ஓட்டுக்கு மரியாதையே ரோம ஓடு பக்கத்தில் கிடந்ததால்தான் என்று ஆகிவிட்டது.

வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு ஓடுகிற மெல்லிய சாம்பல்நிறத் தட்டுகள் அங்கே ஏராளம். அவ்வளவு நேர்த்தியானது மேற்கிலிருந்துதான் வந்திருக்கும் என்று வீலர் காலத்தில் நினைத்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அது இந்திய மண்ணிலேயே செய்தது என்று காட்டின. நேர்த்தி என்றால் வெளியிலிருந்துதான் வரும் என்கிற அந்த நினைப்பு நமக்குப் புதிதில்லை. சேரிப் பையன் ஒரு நல்ல கட்டுரை எழுதினால் "யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்பார்களே, அதே நினைப்புதான். பெக்லியின் அகழாய்வு இன்னொன்றையும் சொன்னது. ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள், அது நின்றபிறகும் இருந்திருக்கிறார்கள். கண்ணாடியைக் காய்ச்சி இழுத்துச் சின்னச்சின்ன மணிகளாக அறுத்து அங்கேயே செய்திருக்கிறார்கள்.

எங்க ஆயாவுக்கு 1945இல் எட்டு வயசு. ஆயாவோட அப்பா மேட்டில் மண்கூடை சுமந்தவர். பிள்ளைகள் ஓடு பொறுக்கிக் கொடுத்தால் துட்டு கிடைக்கும். ஆயா கடைசிவரைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கும்: "ஒடஞ்ச ஓட்டுக்கு வெள்ளக்காரன் துட்டு குடுத்தான்டா. முழுப்பான செஞ்சவனுக்கு எவன் குடுத்தான்?"

பிற்பாடு பல்கலைக்கழக நூலகத்தில் அகழாய்வு அறிக்கைகளைப் புரட்டினேன். தோண்ட வைத்தவர், அளந்தவர், படம் வரைந்தவர், பயிற்சிக்கு வந்த மாணவர் எல்லோருக்கும் பெயர் உண்டு. கூடை சுமந்தவர்கள் 'தொழிலாளர்' என்ற ஒரே சொல்லாக நின்றுவிடுகிறார்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்தச் செங்கல்லைச் சுமந்து கட்டியவனுக்கும் பெயரில்லை. அதே செங்கல்லை மண்ணை விலக்கி மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவனுக்கும் பெயரில்லை.

3

ஆனால் அந்தச் சிவப்பு ஓடு விஷயத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதில் பெயர் இருக்கிறது!

அரெஸ்ஸோ பட்டறைகளில் தட்டின் நடுவில் ஒரு முத்திரை குத்துவார்கள். அரிக்கமேட்டிலும் அப்படிப்பட்ட முத்திரைகள் கிடைத்தன. அவற்றில் காமுரி என்று வாசிக்கப்படுவது, காமுரியுஸ் என்கிற பட்டறைக்காரனின் பெயர். அரெஸ்ஸோவின் பல முத்திரைகளில் முதலாளியின் பெயரோடு அடிமையின் பெயரும் சேர்ந்தே இருக்கும். பெரென்னியுஸ் என்பவனின் பட்டறை பேர்பெற்றது. அதில் வேலை செய்த செர்தோ என்ற அடிமையின் பெயர் இன்றைக்கும் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் முத்திரையாக இருக்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாருங்கள், அடிமைக்கும் பெயர் போட்டிருக்கிறான், நம்ம ஊரில் எந்தக் கோயில் தூணில் எந்தத் தொழிலாளி பெயர் இருக்கிறது என்று படிப்பு வட்டத்தில் ஆவேசமாகப் பேசினேன். பிறகு நிதானமாக யோசித்தபோது உற்சாகம் வடிந்துவிட்டது. அந்த முத்திரை எதற்கு? சரக்கு எந்தப் பட்டறையுடையது, அதை எந்தக் கை செய்தது என்று தெரிவதற்கு. கணக்குக்கு. தப்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்கும் உதவியிருக்கும். மாட்டுக்குப் போடுகிற சூட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

அந்தப் பெயரையாவது அவனுக்கு அம்மா வைத்தாளா? செர்தோ என்பது கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். லாபம் என்று அர்த்தம். அடிமைகளுக்குச் சாதாரணமாக வைக்கிற பெயர். ஒரு மனுஷனை வாங்கி அவனுக்கு லாபம் என்று பெயர் வைக்கிறவனின் மனசை நாம் புரிந்துகொள்ளக் கஷ்டப்படவேண்டியதில்லை. நம் பாட்டன்களுக்குக் குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை என்று பெயர் இருந்ததே. நல்ல பெயர் வைத்தால் ஆண்டை வீட்டில் கூப்பிட மாட்டார்கள், வேறு ஒரு பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் போடப்பட்டிருப்பதும் மரியாதை கொடுக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல என்பதை எனக்கு அந்தச் சிவப்பு ஓடுதான் கற்றுக்கொடுத்தது.

4

ஓட்டிலிருந்து கட்டடத்துக்கு வருவோம். ரோமில் பாந்தியன் என்றொரு கோயில் இருக்கிறது. நடுவில் திறந்த வட்டமும் அதன் வழியே இறங்குகிற வெயிலுமாக, இத்தனை நூற்றாண்டாக நிற்கிற கும்மட்டம். படத்தில் பார்த்தாலே மூச்சு நிற்கும். முகப்பில் அக்ரிப்பா கட்டினான் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. ரொம்பக் காலம் உலகம் அதை நம்பியது. 1892 வாக்கில் ஒரு பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் சுவருக்குள் இருந்த செங்கற்களைச் சோதித்தார். ரோமச் செங்கல்லிலும் முத்திரை உண்டு: எந்த நிலத்து மண், எந்தச் சூளை, சில சமயம் எந்த ஆண்டு என்று. அக்ரிப்பா செத்து நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துச் சுட்ட செங்கற்கள் அவை. இப்போது நிற்கிற கட்டடம் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது என்று தெரிந்தது. முகப்பில் வெட்டிய எழுத்தை உள்ளே மறைந்து கிடந்த செங்கல் மாற்றியது.

எங்கப்பா கட்டட வேலையில் பெரியாளாக இருந்தவர். புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றைப் புதுப்பித்தபோது சுண்ணாம்பு குழைத்துக் கொடுக்கிற வேலை. உயரமான தூண்கள், வளைவுகள், எல்லாம் அந்த ரோமாபுரி மோஸ்தர்தான். ஒருநாள் சாயங்காலம், பூசிமுடித்த ஈரச் சுவரின் மூலையில், ஆணியால் தன் பெயரை எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான். மேஸ்திரி பார்த்துவிட்டு, ஆட்கள் முன்னால் கன்னத்தில் அறைந்து, அவரையே கரணையால் அதை அழிக்க வைத்தார். ஒருநாள் கூலியும் போச்சு. அந்த வீட்டு வாசலில் இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுவர் ரொம்ப அழகாக இருக்கிறது. அப்பா குழைத்த சுண்ணாம்பு என்பதால் எனக்கு அது கூடுதலாகவே அழகு. அந்த மூலையைப் பார்க்கும்போது மட்டும் கன்னம் எரிகிறது.

ரோமில் இந்த வேலையைச் சிலர் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஹத்தேரி குடும்பத்துக் கல்லறைச் சிற்பம் ஒன்றில் பெரிய பாரந்தூக்கி இருக்கிறது. அதன் சக்கரத்துக்குள் மனிதர்கள் நின்று மிதித்து மிதித்துச் சுற்றுகிறார்கள். வானுயர்ந்த கட்டடம் என்று புத்தகம் சொல்வதெல்லாம் இப்படி உயர்ந்ததுதான். கொலோசியம் கி.பி. 80இல் திறக்கப்பட்டது. யூதர்களோடு நடந்த போரில் அடித்த கொள்ளை அதற்கு உதவியது. கப்புவாவிலிருந்து ரோமுக்குப் போகிற அப்பியன் சாலையைப் பொறியியல் அதிசயம் என்று இன்றும் பாடம் நடத்துகிறார்கள். ஸ்பார்ட்டகஸ் கலகம் தோற்றபின், கி.மு. 71இல், அதே சாலை நெடுக 6,000 அடிமைகளைச் சிலுவையில் அறைந்தார்கள். சாலையின் கல் பாவிய நேர்த்தியைச் சொல்கிற வாத்தியார் அந்த ஆறாயிரம் பேரையும் அதே வகுப்பில் சொல்லவேண்டுமா இல்லையா? சமூகச் சூழல் என்று கடைசியில் ஒரு அத்தியாயம் வைத்து, தேர்வுக்கு வராது என்று விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதுதான் முதல் அத்தியாயம்.

இன்னொரு கல்லறை இருக்கிறது. ரோமில் மஜ்ஜோரே வாசலுக்குப் பக்கத்தில் யூரிசாசெஸ் என்கிற ரொட்டிக்காரனுடையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெயரைப் பார்த்து, விடுதலை பெற்ற அடிமையாக இருக்கலாம் என்கிறார்கள். மாவு அரைப்பது, பிசைவது, உருட்டுவது, சுடுவது, எடை போடுவது என்று முழு வேலையையும் மேலே சுற்றிலும் செதுக்கியிருக்கிறான். உழைப்பைத் தன் கல்லறையில் ஏற்றிய மனுஷன் என்று எனக்கு அவன்மேல் பிரியம் வந்தது. ஆனால் அதில் மாவு பிசைகிறவர்களுக்குப் பெயர் இல்லை. பெயர் அவனுக்கு மட்டும்தான். கீழேயிருந்து மேலே வந்தவன், தன்னோடு கீழே நின்றவர்களைப் படமாக வைத்துக்கொண்டான், பெயராக வைத்துக்கொள்ளவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

5

இவ்வளவு சொன்னபிறகு ஒரு மார்க்சியத் தோழர், "இதைத்தான் நாங்களும் சொல்கிறோம், அங்கேயும் உழைப்பாளி, இங்கேயும் உழைப்பாளி, சாதியை ஏன் தனியாக இழுக்கிறாய்?" என்பார். இழுக்கவேண்டியிருக்கிறது.

இத்தாலியில் புத்தேயோலி என்றொரு துறைமுகம். எகிப்து வழியாகப் போன கீழைநாட்டுச் சரக்கு இறங்கிய ஊர். நம்ம பக்கத்து மிளகும் முத்தும் துணியும் அங்கே இறங்கியிருக்கும். இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறது என்று பிளினி புலம்பினானே, அந்தப் பணப் பாதையில் இருந்த ஊர். அங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு, பிணம் தூக்குகிறவர்களுக்கான விதிகளைச் சொல்கிறது. அவர்கள் ஊருக்கு வெளியே குறிப்பிட்ட எல்லைக்கு அப்பால்தான் குடியிருக்கவேண்டும். வேலை இருந்தால் மட்டும் ஊருக்குள் வரலாம். வரும்போது தலையில் நிறக் குல்லாய் போட்டிருக்கவேண்டும். எல்லோரும் குளிக்கிற நேரத்தில் குளிக்கக்கூடாது, இரவில்தான் குளிக்கலாம். படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இது எங்கள் கதை ஆயிற்றே!

இனி நம்ம பக்கம். தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளைப் பற்றி நமக்குப் பெருமையாகச் சொல்வார்கள். பெருந்தச்சன் பெயர் இருக்கிறது, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். அதே கல்வெட்டுகளில், வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும் இடத்தில், பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தச் சொல்லை, உலகம் கும்பிடுகிற ஒரு கலைச் சின்னத்தின் கல்லில், அழகான எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்தின் வடிவத்தை மட்டும் ரசிக்கிற கண் எனக்கு வாய்க்கவில்லை.

இந்த ஊருக்கே வருவோம். 1745இல் புதுச்சேரியில் மாதா கோயிலுக்குள் பறையர் கிறித்தவர்களைப் பிரித்து உட்கார வைத்த சுவரைப் பற்றியும், அதை இடித்தபோது சாதிக் கிறித்தவர்கள் கிளப்பிய சண்டையைப் பற்றியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பேசுகிறது. கட்டடக்கலை என்றால் தூணும் வளைவும் மட்டும்தானா? அந்தக் குட்டைச் சுவரும் கட்டடக்கலைதான். வெள்ளைப் பட்டணத்தையும் கருப்புப் பட்டணத்தையும் பிரித்த வாய்க்காலும் கட்டடக்கலைதான். அந்த இரண்டுக்கும் வெளியே தள்ளி வைக்கப்பட்ட எங்கள் தெருவின் இடமும் யாரோ திட்டம் போட்டு வரைந்த கட்டடக்கலைதான்.

அண்ணல் அம்பேத்கர் அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியபோது ரோமை எடுத்துக்கொண்டார். ரோம அடிமைமுறை பற்றிய பாரோவின் நூலை விரிவாகப் பயன்படுத்தினார். ரோமில் அடிமைகள் மருத்துவராக, எழுத்தராக, ஆசிரியராக இருந்தார்கள். அடிமை என்பவன் சொத்து, சொத்தின் மதிப்பு கூடவேண்டும் என்பதால் எஜமான் அவனைப் படிக்க வைத்தான். தீண்டத்தகாதவன் யாருடைய சொத்தும் இல்லை, ஆகவே அவனைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை என்பது அவருடைய வாதம். அடிமையை எஜமான் விடுதலை செய்யலாம், நம்மை விடுதலை செய்ய எந்த எஜமானுக்கும் அதிகாரம் இல்லை. யூரிசாசெஸ் விடுதலையானவன் என்றால், அவன் பிள்ளை பிறக்கும்போதே குடிமகன். நம்மில் கலெக்டரானவரின் பிள்ளைக்கும் வாடகை வீடு கேட்டுப் போனால் என்ன கேள்வி வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இதனால் ரோம அடிமை சுகமாக இருந்தான் என்று அர்த்தமில்லை. சுரங்கத்தில் செத்தவனுக்கும் சிலுவையில் தொங்கியவனுக்கும் இந்த ஒப்பீடு ஆறுதல் தராது. இரண்டு கொடுமைக்கும் கணக்கு வேறு வேறு என்பதுதான் விஷயம். ஒன்றைப் படிக்கும்போது இன்னொன்று வெளிச்சமாகிறது.

6

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன பதில்?

நம்மிடமே இந்தக் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது, ரோமுக்குப் போகவேண்டியதில்லை. பறையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்க பெரியப்பா ஊர்ச் சாவுக்குப் பறையடித்தவர். ஒரு சாவில் குடித்துவிட்டு ஏதோ தாளம் தப்பியது என்று அடித்திருக்கிறார்கள். அன்றைக்கே பறையை ஆற்றில் எறிந்தார். அதற்குப்பிறகு சாகிறவரைக்கும் தொடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. நான் கல்லூரிக்கு வந்தபிறகு ஒரு பயிற்சி முகாமில் பறை கற்றுக்கொண்டு மேடையில் அடித்தேன். விடுதலையின் இசை என்று பேசினேன். பெரியப்பா காதுக்குப் போனது. "நான் எறிஞ்சத நீ பொறுக்கினியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். நம் இயக்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிற வாக்குவாதம் இதுதான். பறையை விட்டொழிப்பதா, எடுத்து முழக்குவதா?

ரொம்ப நாள் நான் சொன்னதுதான் சரி என்று நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பறையில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று ஏவல், மற்றொன்று கை. 'வந்து அடி' என்று சொன்னது ஊர். அந்த அடியில் பிறந்த தாளம் பெரியப்பாவின் கையுடையது, அவர் அப்பன் பாட்டன் கையுடையது. பெரியப்பா எறிந்தது ஏவலை. நான் பொறுக்கியது தாளத்தை. இரண்டு பேருமே தப்புச் செய்யவில்லை. ஏவலும் கையும் ஒரே தோலில் ஒட்டியிருந்தன, ஒன்றை எறிய அவர் இரண்டையும் எறியவேண்டியிருந்தது. அதற்கு அவருக்கு உரிமை உண்டு, அடி வாங்கியது அவர் என்பதால்.

செர்தோவின் தட்டிலும் இது இரண்டும் இருக்கிறது. செய் என்றது பெரென்னியுஸ். மண்ணைக் குழைத்து, சக்கரத்தில் ஏற்றி, அந்த மெருகைக் கொண்டுவந்தது செர்தோவின் கை. அதை அழகில்லை என்று நான் சொன்னால், எஜமான் அவன் உழைப்பைத் திருடியதுபோல் நான் அவன் திறமையைத் திருடுகிறேன். அழகு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், எஜமானின் ரசீதில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். செர்தோவுக்குத் தன் தட்டுமேல் பிரியம் இருந்ததா, அதை உடைக்கவேண்டும்போல் இருந்ததா? அவன் எழுதி வைக்கவில்லை. அவன் சார்பில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எனக்கு இருக்கிற கடமை சின்னது. அழகு என்று சொல்கிற அதே மூச்சில், செய்தது யார், செய்ய வைத்தது யார், எதற்காக என்று மூன்றையும் சொல்லவேண்டும். இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் சொல்கிற அழகு, எவ்வளவு படித்தவர் சொன்னாலும், அரைகுறை அழகுதான்.

பாரதி பூங்கா நடுவில் ஆயி மண்டபம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், கிரேக்க-ரோமானிய பாணியில் கட்டிய வெள்ளை மண்டபம். புதுச்சேரி அரசின் சின்னமும் அதுதான். கதை எல்லோருக்கும் தெரியும். ஆயி ஒரு தாசி. அவள் வீட்டைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டான். தாசி வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான். அவள் தன் கையாலேயே வீட்டை இடித்துவிட்டு, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். அவளுடைய தியாகத்தைப் போற்றி மண்டபம் கட்டியதாகப் பாடம் சொல்கிறது. நான் கேட்பது வேறு. கும்பிடும் அளவுக்கு அழகாக இருந்த ஒரு வீடு, யாருடையது என்று தெரிந்ததும் இடிக்கவேண்டியதாகிவிட்டதே, அழகு எங்கே போனது? கதையோ வரலாறோ, அழகைப் பற்றி நம் சமூகம் வைத்திருக்கிற தத்துவம் முழுக்க அதற்குள் இருக்கிறது. கட்டியவளின் பிறப்பு தெரியாதவரை அது கோயில். தெரிந்தபிறகு அது குற்றம்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு, "அப்ப நீங்க?" என்றாள். "நீங்க எழுதறதுல யார் பேரு இருக்குது?"

ரொட்டிக்காரன் யூரிசாசெஸைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு சிற்றிதழில் எங்க ஆயா பாடிய ஒப்பாரிகளை எழுதி அனுப்பினேன். நிறையப் பேர் பாராட்டினார்கள். ஒரு கருத்தரங்கில் கட்டுரையாகவும் படித்தேன், சான்றிதழ் கொடுத்தார்கள். பாட்டின் கீழே அச்சானது என் பெயர். பாடியவர் என்ற இடத்தில் 'ஒரு மூதாட்டி' என்று நானே எழுதியிருந்தேன். நாட்டார் வழக்காற்றியல் புத்தகங்களில் அப்படித்தான் எழுதுவார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆயா உயிரோடிருந்த காலத்தில் இதழைக் கொண்டுபோய்க் காட்டினேன். படிக்கத் தெரியாது. பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "எங்கடா எம் பேரு?" என்று கேட்டது. நான் என் பெயர் இருந்த இடத்தைக் காட்டி, "இதோ" என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவை அறைந்த மேஸ்திரிக்கும் எனக்கும் அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று தெரியவில்லை. அவர் சுவரில் எழுதியதை அழித்தார். நான் எழுதவே இல்லை.

அந்த இதழின் ஆசிரியருக்குத் திருத்தம் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆயாவின் பெயர் எந்தப் பாட்டின் கீழே வந்திருக்கவேண்டுமோ, அந்தப் பாட்டின் கீழேயே, அதே இதழில் வரவேண்டும். இந்தக் கட்டுரையின் முடிவுக்கு அழகு சேர்க்க அந்தப் பெயரை இங்கே எடுத்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.